அஞ்சலகம் நீதிமன்றமாகும்போது விசாரணை அறையை எங்கே வைப்பது?

கொண்டலாம்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் கட்டடக்கலை ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டுச் சரிவில் ஆங்கிலேயர் காலத்து அஞ்சலகம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றமாக மாற்றுவதே என் இறுதியாண்டு வடிவமைப்புப் பணி. கட்டடம் கற்பனைதான் என்றாலும், மலையில் நான் அளந்து பார்த்த பழைய கட்டடங்களின் சுவர்ப் பருமனையும் கூரை அமைப்பையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்புறம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட கவுன்டர் கூடம் இருக்கிறது. அதன் பின்னால் 9 மீட்டருக்கு 8 மீட்டர் அளவில், 4 மீட்டர் உயரத்தில், கடிதங்களைப் பிரிக்கும் அறை. பக்கவாட்டில் ஒரே கதவும் சிறு ஜன்னலும் கொண்ட பணப்பெட்டக அறை. சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டிய கருங்கல், மேலே மங்களூர் ஓடு, அதற்கு அடியில் சுண்ணாம்பு பூசிய உட்கூரை. முன்வாசல் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் படிகளோடு இருக்கிறது. பின்புறத் தாழ்வாரமோ, சரிவின் காரணமாக, மேல் சாலையோடு சமமாக இருக்கிறது.

முன்மாதிரியாக நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் டென்வர் நகரில் உள்ள பைரன் ஒயிட் நீதிமன்றக் கட்டடம். அதை நியூயார்க்கைச் சேர்ந்த டிரேசி, ஸ்வார்ட்வவுட், லிட்ச்ஃபீல்டு என்னும் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தார்கள். 1910இல் தொடங்கிய பணி 1916இல் முடிந்தது. கொலராடோவின் யூல் வெண்பளிங்கில் மூன்று மாடி உயரத்துக்கு எழும் அயோனியத் தூண்களின் வரிசையைப் படத்தில் பார்த்த அன்றே மனம் அதில் தங்கிவிட்டது. அஞ்சலகம் வெளியேறிய பிறகு 1990களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்தார்கள். இப்போது பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கே அமர்கிறது; வட்டம் என்பது பல மாநிலங்களைச் சேர்த்த நீதி மண்டலம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் என்பதால் குளிரும் வெயிலும் ஓரளவு ஒத்துவரும் என்றும் எண்ணினேன்.

உயரமும் அழகும் உள்ள இடம் அதுதான் என்பதால் விசாரணை அறையை முன்கூடத்தில் வைத்தேன். மதிப்பீட்டுக்கு வந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கூடத்தைக் கெடுத்துவிட்டீர்கள், நீதிமன்றத்தையும் கெடுத்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லி அடுத்த மாணவரிடம் போய்விட்டார். எது தவறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அஞ்சலகத்திலோ நீதிமன்றத்திலோ பணியாற்றியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்

அன்புள்ள மகளுக்கு, நான் அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிசெய்து ஓய்வு பெற்றவன். கட்டடக்கலை எனக்குத் தெரியாது. ஆனால் அஞ்சலகம் என்னும் கட்டடம் எப்படி மூச்சுவிடுகிறது என்பது தெரியும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவுன்டர் கூடத்தைத்தான் அஞ்சலகம் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அஞ்சலகம் என்பது பின்னால் இருக்கும் அறைதான். விடியற்காலையில் மெயில் வண்டி பின்வாசலில் வந்து நிற்கும். அரக்கு முத்திரை வைத்த கித்தான் பைகள் உள்ளே வரும். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பையை அறுத்து, மேசையில் கொட்டி, தேதி முத்திரை குத்தி, மரத்தட்டிகளில் உள்ள புறாக்கூடு போன்ற அறைகளில் பீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு தபால்காரரும் கடிதம் கொடுக்கும் பகுதி வாரியாகப் பிரிப்போம். முத்திரை குத்தும் மேசைக்கு முன்னால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று வலது காலை ஊன்றிக் குத்தியதால், அங்கே தரைக்கல்லில் ஒரு உள்ளங்கால் அளவுக்கு வழவழப்பான பள்ளம் விழுந்திருந்ததை நான் பணியில் சேர்ந்த முதல் நாளே பார்த்தேன். உங்கள் வரைபடத்தில் அந்த அறைக்கு உயரத்தில் ஜன்னல்கள் இருக்க வேண்டும். முகவரி படிக்க மேலிருந்து வெளிச்சம் வேண்டும், கடிதம் பறக்காமல் இருக்கக் கீழே காற்று அடிக்கக் கூடாது. பழைய கட்டடங்களில் இதைக் கவனித்தே வைத்திருப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் அமெரிக்க அஞ்சலகங்களில் பிரிக்கும் அறைக்கு மேலே ஒரு குறுகலான மறைவு நடையைக் கட்டிவைப்பார்கள். அஞ்சல் ஆய்வாளர் தனிக் கதவு வழியாக, கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் அதற்குள் போய், சுவரில் உள்ள கீற்றுத் துளைகள் வழியாக யாராவது கடிதத்தைப் பிரிக்கிறார்களா, பணத்தை எடுக்கிறார்களா என்று பார்ப்பார். நம் ஊரில் அந்த நடை கிடையாது, அதிகாரி நேரே வந்து நின்றுவிடுவார். ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது: மக்கள் முன்னால் வருவார்கள், பை பின்னால் வரும், அதிகாரி இரண்டுக்கும் சம்பந்தமில்லாத வழியில் வருவார். இந்த மூன்றும் கலந்தால் அஞ்சலகம் நடக்காது. நீங்கள் விசாரணை அறையை முன்கூடத்தில் வைத்தபோது பின்னறைக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? அதை எழுதவில்லையே, அதனால் கேட்கிறேன்.

கொண்டலாம்பட்டி மாணவி

ஐயா, மிக்க நன்றி. பின்னறையை அலுவலகமாகவும் ஆவண அறையாகவும் வைத்திருந்தேன். நீதிபதியின் அறை அதற்கும் பின்னால். நீங்கள் கேட்ட பிறகுதான், நீதிபதி தன் இருக்கைக்கு வர எழுத்தர்களின் மேசைகளுக்கு நடுவே நடந்து வர வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

மகளே, பெரியவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலுக்கான விடை அதில் பாதி வந்துவிட்டது.

முதலில் டென்வரைப் பற்றி. அது அஞ்சலகமாக மட்டும் இருந்து பிறகு நீதிமன்றமாக மாறிய கட்டடம் அன்று. அஞ்சலகமும் கூட்டாட்சி நீதிமன்றமும் சேர்ந்தே இருப்பதற்காகக் கட்டப்பட்டது. அந்தக் காலத்து அமெரிக்க அரசுக் கட்டடங்களில் இது வழக்கமான ஏற்பாடு: தரைத்தளத்தில் மக்களுக்கான அஞ்சல் கூடமும் பிரிக்கும் அறையும், மேல்தளங்களில் விசாரணை அறைகளும் அலுவலகங்களும். சான் பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ், அட்லாண்டா ஆகிய நகரங்களிலும் இப்படிப்பட்ட கட்டடங்கள் எழுந்தன. அஞ்சல் போக்குவரத்து ரயிலிலிருந்து லாரிக்கும் கையிலிருந்து இயந்திரத்துக்கும் மாறி, பெரிய ஒற்றைத் தளக் கொட்டகைகளைத் தேடிப் போனபோது, கீழ்த்தளம் காலியானது.

அப்படிக் காலியான இடத்துக்கு வந்தது எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். டென்வரில் பத்தாம் வட்டம், சான் பிரான்சிஸ்கோவில் ஒன்பதாம் வட்டம், நியூ ஆர்லியன்சில் ஐந்தாம் வட்டம், அட்லாண்டாவில் பதினோராம் வட்டம். எல்லாமே மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். அங்கே சாட்சி இல்லை, ஜூரி இல்லை, கூண்டில் நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை. மூன்று நீதிபதிகள் அமர்ந்து, வழக்குக் கட்டுகளைப் படித்து, இரு தரப்பு வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட நீதிமன்றம் எந்த அழகிய பழைய கூடத்திலும் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பணியோ நடுவர் நீதிமன்றம். காலை பத்தரை மணிக்கு அங்கே யார் யார் நிற்பார்கள் என்பதை ஒரு நாள் நேரில் வந்து பாருங்கள்: பிணை கேட்டு வந்த தாய், ஜீவனாம்ச வழக்குக்குக் கைக்குழந்தையோடு வந்தவர், விபத்து வழக்கின் சாட்சி, வழிக்காவலர்களோடு சிறையிலிருந்து வந்தவர், நகல் மனுவுக்கு ஸ்டாம்ப் ஒட்டுபவர். நீதிமன்ற ஊழியரான டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடும்போது அத்தனை பேரும் காதைக் கொடுத்திருப்பார்கள்.

ஆகவே நடுவர் நீதிமன்றத்துக்கு மூன்று வழிகள் தனித்தனியே வேண்டும்: பொதுமக்களுக்கு ஒன்று, காவலில் இருப்பவருக்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று. மூன்றும் விசாரணை அறையில்தான் சந்திக்க வேண்டும், அதற்கு முன் எங்கும் சந்திக்கக் கூடாது. நான் இளம் வழக்கறிஞராக இருந்தபோது, வாடகைக் கட்டடத்தில் இயங்கிய ஒரு நீதிமன்றத்தில், என் கட்சிக்காரப் பெண்ணும் அவரை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே தாழ்வாரத்தில், இரண்டு முழ இடைவெளியில், மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். உள்ளே போனதும் அந்தப் பெண் முதல் கேள்விக்கே "எனக்கு ஒன்றும் நினைவில்லை" என்று சொல்லிவிட்டார். அன்று அவரை நான் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். அந்தத் தாழ்வாரம்தான் அவரைப் பேசவிடாமல் செய்தது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனிச் சாட்சிய மையங்கள் அமைக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இப்போது பெரியவர் சொன்ன மூன்று வழிகளை உங்கள் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மக்கள் வந்த முன்வாசலில் மக்களே வரட்டும். பை வந்த பின்தாழ்வாரத்தில் சிறை வண்டி நிற்கட்டும். அதிகாரியின் பக்கவழி நீதிபதிக்கு ஆகட்டும். மூன்றும் இயல்பாகச் சந்திக்கும் இடம் பழைய பிரிக்கும் அறை. விசாரணை அறை அங்கேதான் இருக்க வேண்டும். கவுன்டர் கூடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். காத்திருக்கும் மக்களுக்கு அந்த மலையில் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. டென்வரிலும் நியூ ஆர்லியன்சிலும் பழைய அஞ்சல் கூடங்கள் இன்றும் உள்ளே வருவோர் நடக்கும் நீண்ட கூடங்களாகவே இருக்கின்றன.

பணப்பெட்டக அறையை வழக்குச் சொத்து அறையாக்கலாம், அதாவது வழக்கில் கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறை. ஒரே கதவு, சிறு ஜன்னல், கனத்த சுவர் என்று அதற்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு கண்டிப்பான வேண்டுகோளும் உண்டு: பின்வாசல் பைகளுக்குப் போதுமானதாக இருந்தது, மனிதருக்குப் போதாது. குற்றம் சாட்டப்பட்டவர் காத்திருக்கும் இடத்தில் வெளிச்சமும் உட்காரத் திண்ணையும் கழிப்பறையும் குடிநீரும் வரைந்து காட்டுங்கள். அவர் இன்னும் தண்டிக்கப்படவில்லை.

கன்னங்குறிச்சி வாசகர்

ஒரு மாற்றுக் கருத்து. நீதிமன்றம் மக்கள் பார்வையில் நடக்க வேண்டும் என்பதல்லவா கொள்கை? சிறந்த அறையைக் காத்திருப்போருக்குக் கொடுத்துவிட்டு, விசாரணையைப் பின்கட்டுக்குத் தள்ளுவது அந்தக் கொள்கைக்கு ஒத்துவருமா? சென்னை உயர் நீதிமன்றத்தில், 1892இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில், விசாரணை அறைகளின் உட்கூரைக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள்! அறையின் கம்பீரம் சாட்சியின் மனத்தில் உண்மையின் கனத்தை ஏற்றும் என்றே நான் நம்புகிறேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்

ஐயாவின் கேள்வி நியாயமானது. திறந்த நீதிமன்றம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் சட்டம் கேட்பது, பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்கவும் கேட்கவும் தடை இருக்கக் கூடாது என்பதைத்தான். முன்கூடத்துக்கும் விசாரணை அறைக்கும் நடுவில் அகலமான கதவு வைத்து, விசாரணை நேரம் முழுவதும் திறந்து வைத்தால் போதும். கம்பீரத்தைப் பற்றி என் அனுபவம் வேறு. நம் ஊர்ச் சாட்சிகள் ஏற்கெனவே பயந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தாங்கள் சொல்வது நீதிபதியின் காதில் விழுகிறது என்ற நிச்சயம்.

சுண்ணாம்பு வேலைப் பொறியாளர், ஏற்காடு அடிவாரம்

காதில் விழுவது என்று வழக்கறிஞர் அம்மா சொன்னதால் கணக்கோடு வருகிறேன்.

கூடத்தில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதற்கு சபைன் வாய்பாடு உண்டு: கன அளவை 0.161ஆல் பெருக்கி, பரப்புகள் உறிஞ்சும் மொத்த அளவால் வகுக்க வேண்டும். முன்கூடத்தின் கன அளவு 420 கன மீட்டர். சுவர், தரை, உட்கூரை சேர்ந்து 358 சதுர மீட்டர். கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு, சராசரி 0.05 என்று வைத்தால் மொத்தம் 18 அளவில் வரும். ஒலி தங்கும் நேரம் 3.8 விநாடி. பஜனைக்கு இனிமையாக இருக்கும். சாட்சி ஒரு சொல் சொல்லி முடிப்பதற்குள் முந்தைய மூன்று சொற்களும் அறையில் சுற்றிக்கொண்டிருக்கும். பேச்சுக்கு 0.8 முதல் 1 விநாடிதான் நல்லது. முப்பது பேர் உட்கார்ந்திருந்தாலும், ஏறத்தாழ 60 சதுர மீட்டருக்கு ஒலி உறிஞ்சும் பலகைகளைச் சுவரில் அடித்தால்தான் அந்த எல்லைக்குள் வரும். அப்படி அடித்தால் நீங்கள் ஆசைப்பட்ட கூடம் கண்ணுக்கே தெரியாது. மதிப்பீட்டாளர் கூடத்தையும் கெடுத்தீர்கள், நீதிமன்றத்தையும் கெடுத்தீர்கள் என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பிரிக்கும் அறைக்கு அதே கணக்கைப் போடுங்கள். கன அளவு 288, பரப்பு 280. அதே முப்பது பேரோடு 30 சதுர மீட்டர் பலகை போதும், நேரம் 0.9 விநாடிக்கு வந்துவிடும். பெரியவர் சொன்ன மரத்தட்டிகள் நின்ற சுவரில், அதே உயரத்துக்கு, துளையிட்ட மரப்பலகையும் அதன் பின்னால் தேங்காய் நார்ப் பாயும் வைத்துவிடலாம். மழை ஓசைக்கு மங்களூர் ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியே பாதித் தடுப்பு. அந்த இடைவெளியில் நார்ப் பாயை விரித்துவிட்டால் ஐப்பசி மழையிலும் குறுக்கு விசாரணை நடக்கும்.

ஆவண அறையை மட்டும் மரத்தளத்தின் மேல் வைத்துவிடாதீர்கள். வழக்குக் கட்டுகள் தோற்றத்துக்கு லேசாக இருந்தாலும், கோப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோ எடையை இந்தியத் தர விதிகள் கணக்கில் கொள்ளச் சொல்கின்றன. பொது அலுவலக அறைக்குச் சொல்வதைப் போல அது இரு மடங்கு.

சுவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மின்னும், உளி எளிதில் இறங்காது. புதுக் கதவுக்காக அந்தச் சுவரை வெட்டினால் கல் உடைவதற்கு முன் சுற்றிலும் உள்ள பழைய காரை கழன்றுவிடும். இருக்கிற திறப்புகளையே பயன்படுத்துங்கள். அகலமான கதவு வேண்டுமானால் கவுன்டருக்குப் பின்னால் உள்ள திறப்பை, மேல்வளைவைத் தொடாமல், பக்கத்தில் மட்டும் விரிக்கலாம். பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமென்ட் வைக்காதீர்கள். மலையின் ஈரம் கல்லுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே பூட்டிவிடும். இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பப்படம்போல் எழும்பி நிற்கும். சுண்ணாம்பை நன்றாகப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்துப் பூசுங்கள். அரைத்த சாந்தைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கொத்தனார் அதைப் பார்க்காமல் ஒரு சட்டி கூடச் சுவருக்கு அனுப்ப மாட்டார்.

டென்வரின் வெண்பளிங்கைப் பார்த்து நம் வெள்ளைக்கல்லைச் சுவரில் பதிக்கலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெள்ளைக்கல்பட்டிப் பக்கத்துக் கல் மேக்னசைட். உலைகளுக்கான, வெப்பம் தாங்கும் செங்கல் செய்யப் பயன்படும், பளிங்கைப்போல் முகப்புக்கு ஆகாது.

செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர்

மாற்றுத்திறனாளிகள் முன்வாசல் படியில் எப்படி ஏறுவார்கள் அம்மா? எங்கள் காலத்தில் ஓய்வூதியம் வாங்க வந்த முதியவர்களை நாங்கள் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டோம். அதை ஒரு வழிமுறை என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கொண்டலாம்பட்டி மாணவி

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு முழுவதும் உட்கார்ந்து வரைபடத்தைத் திருப்பிப் போட்டேன்.

விசாரணை அறை இப்போது பிரிக்கும் அறையில் இருக்கிறது. நீதிபதியின் மேடையை மேற்குச் சுவரை ஒட்டி வைத்தேன். உயர ஜன்னல் வெளிச்சம் சாட்சியின் கண்ணில் விழாமல் முகத்தில் பக்கவாட்டில் விழுகிறது. முன்கூடத்தில் ஒரு சுவரும் எழுப்பவில்லை. பழைய கவுன்டர் பலகையை அப்படியே வைத்து, அதன் பின்னால் மனு வாங்கும் எழுத்தரையும் நகல் பிரிவையும் உட்கார வைத்திருக்கிறேன். டவாலி நின்று கூப்பிட, அகலப்படுத்திய கதவின் இடப்பக்கம் இடம் ஒதுக்கியிருக்கிறேன். காவலில் வருபவருக்குப் பின்தாழ்வாரத்தின் தெற்குக் கோடியில் ஜன்னலும் திண்ணையும் கழிப்பறையும் உள்ள அறை. சாட்சிகளுக்கு வடக்குக் கோடியில் தனி அறை. இரண்டுக்கும் நடுவில் கட்டடத்தின் முழு நீளமும் இருக்கிறது. ஆவண அறையைத் தரையின் மேலேயே, மண் திண்டில் வைத்துவிட்டேன்.

பெரியவர் கேட்ட படிக்கு: 90 சென்டிமீட்டர் ஏற ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் 10.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், நடுவில் நின்று இளைப்பாறும் தளமும் சேர்த்தால் இன்னும் நீளும். மேல் சாலைப் பக்கம் படியே இல்லை என்பதால் அவர்களைப் பின்னால் வரச்சொல்லலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் அது சிறை வண்டியின் வழி. ஆகவே சாய்தளத்தை முன்புறத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி, எல்லோரும் நுழையும் அதே கதவுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். முத்திரை மேசைக்கு முன்னால் உள்ள பள்ளம் விழுந்த தரைக்கல்லையும் வரைந்துவிட்டேன் ஐயா. அந்தக் கல் இப்போது சாட்சிக் கூண்டுக்கு ஒரு முழம் முன்னால் வருகிறது.